நல்ல தண்ணீர் என்று சொன்னேன்

ஓய்வுபெற்றோர் சங்கத்தின் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே தந்துவிட்டார்கள்: தரவைக்குளத்தில் நீந்துவதற்கு ஏற்ற காலங்கள். குளத்தின் தெற்குப் பக்கத்தில் படி கட்டி, உடுப்பு மாற்ற ஒரு கொட்டில் போட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கப் போகிறார்கள். ஐம்பத்தாறாம் ஆண்டு இந்தத் தீவுக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்தக் குளத்துத் தண்ணீரின் சூட்டை அளந்தவன் நான். அதனால் அங்கே நாட்டப்போகும் அறிவித்தல் பலகையின் வாசகத்தையும் எனக்கு அனுப்பி, பிழை இருந்தால் திருத்தித் தரச் சொன்னார்கள்.

வாசகம் இதுதான்: "தரவைக்குளத்து நீர் ஆண்டு முழுவதும் நீந்துவதற்கு உகந்தது. மது அருந்தியவர்கள் இறங்கக் கூடாது. முன்னர் ஒருவர் அதனால் உயிரிழந்துள்ளார்."

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. மற்றதெல்லாம் பிழை. முதல் வரி அறியாமையில் எழுதப்பட்டது; அதை மன்னிக்கலாம். கடைசி வரி என்னிடமிருந்து வந்தது. நான் எழுதவில்லை. ஆனால் நான் வாயைத் திறந்து அதை இல்லையென்று சொல்லாததால் இருபது வருடமாக ஊரில் உலாவி, இப்போது பலகையில் ஏறப் பார்க்கிறது. அதை வாசித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. சங்கச் செயலாளர் இனிமையான நினைவுகளாக எழுதச் சொன்னார். அவர் வேறு ஆளைப் பார்க்கட்டும்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் நல்ல கல்லூரியில் படித்தேன். பட்டப்படிப்புக்கு இடம் கிடைக்காமல் போகவே குளத்து வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் பரீட்சை எழுதினேன். வன்னியில் ஒரு குளத்தடியில் பயிற்சி. அதில் நினைவு வைத்திருக்க நுளம்புக் கடியைத் தவிர ஒன்றும் இல்லை. பிறகு வேலணைத் தீவுக்கு அனுப்பினார்கள்.

சரவணைக்குத் தெற்கே மாடுகள் மேயும் உவர்த் தரவை ஒன்று இருந்தது. கடல்நீர் ஏறாதபடி அங்கே நீண்ட கட்டுப் போட்டு மழைநீரைத் தேக்கியிருந்தார்கள். கட்டுக்கு வேண்டிய மண்ணைக் குளத்துக்குள்ளேயே தோண்டினார்கள். தோண்டிய இடம் பெரிய கிடங்காக நின்றது. மாரியில் குளத்தின் மற்ற இடங்களில் நெஞ்சளவு தண்ணீர் நிற்கும். கிடங்கில் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல். கிடங்கின் சரிவில் முள் அடர்ந்த ஈச்சம்பற்றைகள் இருந்தன. அவற்றை வெட்டி எடுக்குமுன் முதல் மழை வந்துவிட்டது. வாற கோடையில் வெட்டலாம் என்றார்கள். அடுத்த கோடையில் ஆட்களை வேறு வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு புரட்டாதியிலும் தண்ணீர் வற்றும்போது அந்தப் பற்றைகளின் தலை வெளியே தெரியும். நான் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்து தேத்தண்ணீர் குடிப்பேன்.

வெயில் எவ்வளவு தண்ணீரைக் குடிக்கிறது என்று கணக்கெடுப்பதற்காகவே சூட்டை அளந்தோம். அதற்கு ஒரு முறை இருந்தது. வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, நம் நிழல் விழும் இடத்தில் வெப்பமானியைத் தாழ்த்த வேண்டும். கல்லில் முட்டக் கூடாது. இரச முனையில் விரல் படக் கூடாது. தண்ணீரை விட்டு எடுக்காமலே, குனிந்து கண்மட்டத்தில் வாசிக்க வேண்டும். அது மேல் தண்ணீருக்கு. அடித் தண்ணீருக்குத் தோணியில் போக வேண்டும். ஈயக் கட்டி கட்டிய போத்தலைக் கயிற்றில் கீழே விட்டு, அதன் வாய்த் தக்கையில் கட்டிய மற்றக் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் தக்கை கழலும். குமிழி வரும். குமிழி நின்றதும் போத்தலைத் தூக்கி, அது சூடேறுவதற்குள் வாசித்துவிட வேண்டும். இதை நான் சரியாகச் செய்தேன். என் வேலையில் சோம்பல் இருந்ததில்லை. அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் எனக்காகச் சொல்லக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஊர்க்காரர் எனக்குக் குளத்து டொக்குத்தர் என்று பேர் வைத்தார்கள். தண்ணீருக்குக் காய்ச்சல் பார்க்கிறவராம்.

நீங்கள் காலங்களைக் கேட்டீர்கள். கேளுங்கள். சித்திரை, வைகாசியில் மேல் தண்ணீர் உடம்புச் சூட்டை எட்டிப் பார்க்கும். பச்சைப் பாசி பிடித்து, இறங்கினால் உடம்பு கடிக்கும். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று அடியிலுள்ள களிமண்ணைக் கிளப்பி விடும். தண்ணீருக்குள் விட்ட கை தெரியாது. புரட்டாதியில் குளம் இல்லை, கிடங்கு மட்டும்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் வந்து சேரும். மார்கழியிலும் தையிலும் குளம் நிறைந்து, களி படிந்து, கண்ணாடி மாதிரி இருக்கும். வாடைக்காற்று மேலே சின்ன அலை எழுப்பும். பார்த்தால் இறங்கத் தோன்றும். பகல் வெயிலுக்கு மேல் தண்ணீர் இதமாக இருக்கும். கிடங்குக்கு மேலே போனால் இடுப்புக்குக் கீழே கால் விறைக்கும். அதுதான் மிக அழகான காலம். அதுதான் இறங்கவே கூடாத காலம்.

இன்னொன்றும் இருக்கிறது. எந்த வெப்பமானியும் அதைக் காட்டாது. எங்கள் தீவுகளைச் சுற்றியிருக்கும் ஆழமில்லாத களக்கடலில் உப்பு அதிகம். அந்தக் கடல் ஆளைத் தூக்கும். மூச்சை விட்டு அடிக்குப் போனாலும் நிலத்தில் ஒரு உதை உதைத்தால் மீதியைக் கடல் பார்த்துக்கொள்ளும். தீவார் எல்லாரும் அப்படித்தான் நீந்தப் பழகினார்கள். குளத்து நல்ல தண்ணீர் அப்படித் தூக்காது. அப்போது அது குடிநீர்க் குளமென்பதால் அதில் இறங்கிக் குளிப்பது தடை. ஆகவே அந்த வித்தியாசத்தை உடம்பால் அறிந்தவர் ஒருவரும் இல்லை. புத்தகத்தில் படித்து அறிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் இஞ்சினியர். மற்றவன் நான்.

இஞ்சினியர் சத்தம் போடாத மனிதர். வெள்ளைக் காற்சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இராது. குளக்கட்டில் நடக்கும்போது அவர் முன்னால், நான் ஒரு அடி பின்னால். கேள்வி கேட்பார், திரும்பிப் பார்க்க மாட்டார். பதில் நீண்டால் நடையின் வேகம் கூடும். நாம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓட, அவர் வேறு கேள்விக்குப் போயிருப்பார். "ஒரு சொல்லிலை சொல்லும்" என்பது அவருடைய வாய்ப்பாடு. தண்ணீர் எப்படி? தெளிவு. துருசுக் கதவு எப்படி? ஒழுக்கு. ஆட்கள் எப்படி? குறைவு. சில வருடங்களில் நான் அதில் தேர்ந்துவிட்டேன். வீட்டிலும் ஒரு சொல்லில் பேசத் தொடங்கிவிட்டேன் என்று என் மனைவி சொல்லுவாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதம், குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடப் புதிதாகக் கட்டிய துருசைத் திறந்துவைக்கக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வருவதாக ஏற்பாடு. அவருக்கு வேடிக்கை காட்ட வேண்டும். கடலில் நடத்தும் நீச்சல் போட்டியை அந்த வருடம் ஒரு நாளைக்குத் தடையை நீக்கிக் குளத்தில் நடத்தலாம் என்று இஞ்சினியருக்குத் தோன்றியது. கட்டின்மேல் பந்தல். அதற்கு நேரே, பெரியவரின் கண்ணுக்கு எட்டும் இடத்தில், வெள்ளை பூசிய தார்ப்பீப்பா ஒன்றை மிதக்க விட வேண்டும். நீந்துகிறவர்கள் அதைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். இஞ்சினியர் குளக்கட்டில் நின்று விரலை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய இடம் கிடங்கு.

நான் சொன்னேன். அவ்வளவுக்காவது சொன்னேன்.

"அதிலை கிடங்கு இருக்கு, சேர். அடியிலை தண்ணி சரியான குளிர். பற்றையளும் வெட்டேல்லை."

"மேலை எப்பிடி?"

"மேலை பரவாயில்லை, சேர்."

"மேலைதானே நீந்துறவை" என்றார். பிறகு நடந்துகொண்டே, "நிலைமை என்னண்டு ஒரு சொல்லிலை சொல்லும். நான் மேலிடத்துக்குச் சொல்லோணும்" என்றார்.

"நல்லது" என்றேன்.

இங்கே நான் நிற்க வேண்டும். இஞ்சினியர் பட்டணத்துக்காரர். தீவுப் போட்டியின் வழக்கம் அவருக்குத் தெரியாது. தீவில் திரும்பும் இடத்தைச் சுற்றி வந்தால் மட்டும் போதாது. அங்கே சுழியோடி அடிமண்ணை ஒரு பிடி அள்ளி வந்து, கையைத் தூக்கிக் கரைக்குக் காட்ட வேண்டும். காட்டாதவன் திரும்பியது கணக்கில் இல்லை. வருடம் முழுவதும் அவனைப் பகிடி பண்ணியே கொன்றுவிடுவார்கள். அவர்கள் மேலே மட்டும் நீந்த மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு எட்டு வேகமாக வைத்து அவரை மறித்து அதைச் சொல்லியிருக்கலாம். அவருடைய முகம் சுளிப்பதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. காரணம் அவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு முகச் சுளிப்பு. பீப்பாவை நானே தோணியில் கொண்டுபோய், கல்லுக் கட்டிக் கிடங்கின்மேல் நிறுத்தினேன்.

போட்டிக்கு அல்லைப்பிட்டியிலிருந்து சூசைப்பிள்ளை வந்தார். சங்கு குளிக்கிறவர். மெலிந்த ஆள், வாயில் எந்நேரமும் பகிடி. அவருக்கு மூச்சு நீளம் என்று தீவு முழுக்கப் பேர். எதிராக ஊர்காவற்றுறையிலிருந்து ஒருவர், பருத்த ஆள். குளக்கட்டில் ஆட்கள் நெருங்கி நின்றார்கள். சூசைப்பிள்ளை அந்தப் பருத்தவரைப் பார்த்து, நீர் உள்ளே இறங்கினால் குளம் நிரம்பி வான் பாயும், ஓவசியர் ஐயாட்டைக் கேட்டிட்டு இறங்கும் என்றார். சனம் சிரித்தது. பிறகு படியில் வெப்பமானியோடு நின்ற என்னிடம் வந்தார்.

"என்ன ஐயா, தண்ணிக்கு இண்டைக்குக் காய்ச்சலோ?"

"இல்லை" என்றேன்.

"அப்ப எப்பிடி, இறங்கலாமோ?"

இஞ்சினியர் பந்தலடியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல தண்ணி" என்றேன்.

"டொக்குத்தர் சொல்லிப்போட்டார்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார்.

பீப்பாவை அவர்தான் முதலில் எட்டினார். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்தவருக்கு மற்றக் கையால் வா, வா என்று சைகை காட்டினார். சிரிப்புச் சத்தம். தலைகீழாகப் போனார். பாதங்கள் இரண்டும் வெளியே தெரிந்து மறைந்தன. ஊர்காவற்றுறைக்காரர் பீப்பாவடிக்கு வந்தவுடன் காலில் குளிர் பட்டிருக்க வேண்டும், சுழியோடாமலே திரும்பினார். சனம் மண் எங்கை, மண் எங்கை என்று கூவத் தொடங்கியது. எல்லாருடைய கண்ணும் அந்தப் பாவி மனிதரில் இருந்தது. சூசைப்பிள்ளை வேண்டுமென்றே அடியில் நிற்கிறார், பெரியவருக்குத் தன் மூச்சைக் காட்டுகிறார் என்று பக்கத்தில் நின்றவர் எனக்குச் சொன்னார். அவருடைய பேரே அவரைக் கொன்றது. யாரும் அசையவில்லை. நானும் அசையவில்லை. ஆனால் கீழே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

தோணியை எடுக்கச் சொல்லி முதலில் கத்தியவன் நான்தான். அது எனக்கு ஆறுதல் இல்லை.

பற்றைக்குள்ளிருந்து இழுத்தெடுத்தார்கள். கால்கள் இரண்டிலும் ஈச்சமுள் கீறியிருந்தது. ஒரு கை பொத்தியபடி இருந்தது, உள்ளே களி. குளக்கட்டில் கிடத்தி, கவிழ்த்துத் தண்ணீர் எடுத்தார்கள். உடம்பு சில்லிட்டிருந்தது. சூடு பறக்கத் தேய்க்கச் சாராயம் கொண்டு வாருங்கோ என்று யாரோ சொன்னார்கள். பெரியவருக்கென்று என் குவாட்டர்ஸ் வீட்டில் ஒரு போத்தல் வைத்திருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தேன். அவருடைய நெஞ்சிலும் உள்ளங்காலிலும் என் இரண்டு கையாலும் தேய்த்தேன். போத்தல் முடியும்வரை தேய்த்தேன். பிறகு அவருடைய மனைவி திரேசம்மா சனத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர்மேல் விழுந்தா. நான் எழுந்து விலகினேன்.

மறுநாள் காலை என் குவாட்டர்ஸ் விறாந்தையில் மரண விசாரணை நடந்தது. தொடங்குமுன் இஞ்சினியர் என்னைத் தனியே கூப்பிட்டு, "கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும்" என்றார். அதற்கும் நான் ஓம் என்றேன்.

நீர்தானே தண்ணீர் நல்லது என்று அவருக்குச் சொன்னவர் என்று விசாரித்தவர் கேட்டார். நான் படித்தவன். அந்த இடத்தில் என் படிப்பு எனக்குக் கைகொடுத்தது. நல்ல தண்ணி என்று சொன்னது உண்மைதான், எங்கள் பக்கத்தில் உப்பில்லாத தண்ணீரை அப்படித்தான் சொல்லுவோம், கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணி, கடல் தண்ணீர் உப்புத் தண்ணி, நீந்த உகந்தது என்ற பொருளில் நான் சொல்லவில்லை என்றேன். அவர் தலையாட்டினார். அங்கே நின்ற எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. பிழையே இல்லாத தமிழ். படியில் நின்று அவருக்குச் சொன்னபோது நான் நினைத்த பொருள் அது இல்லை. இறங்கலாமோ என்று கேட்டார். இறங்கலாம் என்றுதான் சொன்னேன். மற்றப் பொருளை விசாரணைக்கு முதல்நாள் இரவு படுக்கையில் தேடி எடுத்தேன்.

அடுத்ததாக, பிரேதத்தில் சாராய மணம் இருந்ததாமே, நீரும் கவனித்தீரா என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

ஒரு சொல். அந்த மணம் என் கையிலிருந்து போனதா என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. தேய்த்ததைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள், அவர்களும் சொல்லவில்லை. பெரியவருடைய விழாவுக்குக் கெட்ட பேர் வாங்கித்தர யாருக்கும் துணிவில்லை. குளக்கட்டில் வேலை பார்த்தவர்களுக்கு வேலை தேவை. முள் கீறிய கால்களைப் பற்றி ஒரு கேள்வி வரவில்லை. கிடங்கு என்ற சொல்லே அந்த விறாந்தையில் விழவில்லை. குடித்துவிட்டு இறங்கி நிலை தடுமாறினார் என்று முடிந்தது. நான் அன்று இரண்டு உண்மை சொன்னேன். இரண்டும் சேர்ந்து ஒரு பொய்யாகி ஒரு மனிதருடைய தலையில் ஏறியது.

சூசைப்பிள்ளை குடிப்பதில்லை. சங்கு குளிக்கிறவர்கள் மூச்சைக் காப்பவர்கள். அவர் கள்ளுக் கூடத் தொடுவதில்லை என்று அல்லைப்பிட்டி முழுக்கத் தெரியும். தெரிந்தும், குடிச்சுச் செத்தவன் என்று பேர் நின்றுவிட்டது. அவருடைய மகனைப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வளர்ந்தபின் அவனுக்குப் பேசிய சம்பந்தம் ஒன்று அந்தப் பேரால் குழம்பியது என்று கேள்விப்பட்டேன். இஞ்சினியர் உயர்ந்து உயர்ந்து போனார். எனக்கும் உயர்வு கிடைத்தது. பற்றைகளை அந்தக் கோடையில் நானே ஆள் பிடித்து வெட்டுவித்தேன். கிடங்கைத் தூர்க்க அனுமதி கேட்டேன், கிடைக்கவில்லை. கிடங்கு இன்னும் இருக்கிறது. நீங்கள் படி கட்டும் இடத்துக்கு நேரே இருக்கிறது. உங்களில் ஒருவராவது தோணியில் போய் ஒரு கயிற்றைத் தாழ்த்திப் பார்த்தீர்களா?

பலகை வாசகம் கையில் கிடைத்ததற்கு மறுநாள் பஸ் பிடித்து அல்லைப்பிட்டிக்குப் போனேன். திரேசம்மாவின் வீடு கோயிலுக்குப் பின்பக்கம். நரைத்து, மெலிந்து போயிருந்தா. முற்றத்தில் மீனைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவ என்னை அடையாளம் கண்டு, கதிரை எடுத்து வைத்தா. நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கிடங்கு, பற்றை, நான் சொன்ன சொல், சாராயப் போத்தல், ஓம் என்றது. ஒரு சொல்லில் இல்லை. விரிவாக, ஒன்றும் விடாமல் சொன்னேன். அவ கையிலிருந்த மீனைக் கீழே வைக்காமல் கேட்டா.

"எனக்கு அண்டைக்கே தெரியும், ஐயா" என்றா. "நான் அவரின்ரை முகத்தோடை முகம் வைச்சுக் கிடந்தனான். வாயிலை மணக்கேல்லை. நெஞ்சிலைதான் மணந்தது."

ஏன் அப்போது சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கத் தகாத கேள்வி.

"நான் சொன்னால் ஆர் கேட்பினம்? பெண்சாதி அப்பிடித்தானே சொல்லுவாள் எண்டுவினம். நீங்கள் படிச்ச மனிசர், சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்." மீனைத் திருப்பிப் போட்டா. "இப்ப வந்து எனக்குச் சொல்லுறியள். தெரிஞ்சவளுக்குச் சொல்லி என்ன, ஐயா? தெரியாதவைக்குப் போய்ச் சொல்லுங்கோ."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வெயில் ஏறுது, பஸ் போயிடும் என்றா.

ஆகவே சொல்கிறேன். தரவைக்குளத்தில் சுழியோடிச் செத்த அல்லைப்பிட்டிச் சூசைப்பிள்ளை குடித்திருக்கவில்லை. அவர் மேலிருந்த சாராயத்தைப் பூசியவன் நான். பீப்பாவைக் கிடங்கின்மேல் நிறுத்தியவன் நான். இறங்கலாமோ என்று கேட்டவருக்கு இறங்கலாம் என்று சொன்னவன் நான். மலரில் இதைப் போட மனமில்லாவிட்டால் கட்டுரையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். நான் படி எடுத்து வைத்திருக்கிறேன், ஊர்காவற்றுறைச் சந்தையில் நின்று வாசிப்பேன்.

பலகையைத் திருத்தித் தரச் சொன்னீர்கள். திருத்தியது கீழே. ஒரு சொல்லும் குறைக்க வேண்டாம்.

"இந்தக் குளத்தின் நடுவில் கிடங்கு உண்டு. மாரியில் அடியிலே குளிர். இது நல்ல தண்ணீர். கடலைப் போல் ஆளைத் தூக்காது. அடிமண் எடுக்கச் சுழியோட வேண்டாம். இங்கே இறந்த சூசைப்பிள்ளைக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை."